நிலை இல்லாத கதவு

அலங்காரப் பொருள் கடைகளில் இப்போதெல்லாம் பொருளைவிடச் சீட்டுதான் முதலில் கண்ணில் படுகிறது. ஒரு மரத் தூணின் கழுத்தில் சணல் கயிறு கட்டி, கைத்தாளில் நான்கு வரி தொங்கவிட்டிருப்பார்கள். செட்டிநாடு, பர்மா தேக்கு, நூறு வருடப் பழமை, ஒவ்வொரு கீறலிலும் ஒரு கதை. அதற்குக் கீழே விலை. பக்கத்தில் இரட்டைக் கதவு ஒன்றைப் படுக்க வைத்து, மேலே கண்ணாடி போட்டு, டீப்பாய் ஆக்கியிருப்பார்கள். கதவின் பித்தளை வளையம் இன்னும் அதிலேயே இருக்கும், கண்ணாடிக்கு அடியில், யாரும் தட்ட முடியாதபடி.

எனக்கு இந்தக் கடைகள் பிடிக்கும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சென்னையின் கிழக்குக் கடற்கரைச் சாலை, புதுச்சேரி, பெங்களூர் என்று எங்கே போனாலும் ஒன்றும் வாங்காமல் இரண்டு மணி நேரம் இவற்றுக்குள் சுற்றுகிற ஆள் நான். வாரத்தில் ஐந்து நாள், வாடகை ஃபிளாட்டின் வெள்ளைச் சுவருக்கு எதிரே உட்கார்ந்து திரையைப் பார்க்கிறவனுக்கு, பல கைகள் தேய்த்து வழுவழுப்பான ஒரு மரத்தைத் தொட்டுப் பார்ப்பது உண்மையான சந்தோஷம். ‘எல்லாம் நுகர்வுக் கலாச்சாரம்’ என்று ஒரே அடியாக அடித்துவிட்டுப் போவது சுலபம். ஆனால் அழகுக்கு ஆசைப்படுவதைக் குற்றமாக்கிவிட்டு நாம் என்ன சாதிக்கப் போகிறோம்?

என் கேள்வி வேறு. இன்னொரு வீட்டின் கதவை நம் வீட்டின் அழகாக ஆக்கிக்கொள்ளும்போது, அந்தக் கதவுக்கு நாம் ஏதாவது கடன்படுகிறோமா? விலையைக் கொடுத்து முடித்த பிறகும் மிச்சமிருக்கிற கடன் என்று ஒன்று உண்டா?

*

சீட்டு எழுதுவதற்கு முந்தைய கட்டத்தைப் பார்க்க வேண்டுமென்றால் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் போக வேண்டும். வரிசையாகப் பழம்பொருள் கடைகள். வாசலில் எனாமல் தூக்குச்சட்டிகள், பித்தளை அண்டாக்கள், ரவிவர்மா படங்கள், ரசம் போன கண்ணாடிகள், கல்லாப்பெட்டிகள். உள்ளே போனால் தூண்கள் சுவரில் சாய்ந்து நிற்கும், கல்யாண வீட்டில் நாற்காலி கிடைக்காத பெரியவர்கள் மாதிரி. அங்கே யாரும் ‘கதை’ என்ற வார்த்தையைச் சொல்வதில்லை. எத்தனை அடி, என்ன மரம், என்ன விலை, அவ்வளவுதான். எங்கிருந்து வந்தது என்று கேட்டதற்கு ஒரு கடைக்காரர் சொன்னார்: “எல்லாம் வீடு பிரிச்ச சாமான் தம்பி.”

‘பிரிப்பது’ என்பது இங்கே சரியான சொல். தமிழில் கூரையையும் பிரிக்கிறோம், சொத்தையும் பிரிக்கிறோம். செட்டிநாட்டு வீடுகளில் இரண்டும் பெரும்பாலும் ஒன்றாகவே நடக்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதியிலிருந்து 1940-கள் வரை கட்டப்பட்ட வீடுகள் இவை. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற நீளம். கல்யாணமாகும் ஒவ்வொரு மகனுக்கும் உள்ளே தனி அறை. மூன்று நான்கு தலைமுறை கழிந்தால் ஒரே வீட்டுக்கு இருபது, முப்பது பங்காளிகள். ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் சென்னையில், ஒருவர் அமெரிக்காவில். படைப்புக்கும் கல்யாணத்துக்கும் கூடுவார்கள். மீதி நாட்களில் ஒரு காவல்காரரும் வௌவால்களும். ஓடு மாற்றவே லட்சங்கள் ஆகும். யார் எவ்வளவு போடுவது என்பதில் பேச்சு நின்றுவிடும். கடைசியில் எல்லோரும் ஒத்துக்கொள்ளக்கூடிய ஒரே முடிவு, பிரித்து விற்பது. முழு வீட்டை முப்பது பங்காக்க முடியாது, பணத்தை ஆக்கலாம்.

ஆகவே ‘கொள்ளை’ என்று கத்துவதற்கு இங்கே இடமில்லை. விற்றவர்கள் உரிமையாளர்கள். வாங்கிய வியாபாரி ஒரு விதத்தில் காப்பாற்றியவர். அவர் இல்லாவிட்டால் அந்தத் தூண்களில் பாதி அடுப்புக்குப் போயிருக்கும், இல்லையென்றால் கரையானுக்கு. அலங்காரக் கடையின் நியாயமும் இதுதான். அழியப் போகிற ஒன்றுக்கு இன்னொரு வாழ்க்கை கொடுக்கிறோம் என்கிறார்கள். அதில் உண்மை இருக்கிறது.

ஆனால் இந்த நியாயம் ஒரு குறிப்பிட்ட தூணுக்குத்தான் பொருந்தும். அடுத்த தூணுக்குப் பொருந்துமா என்று பார்க்க வேண்டும். ஏற்கெனவே கீழே கிடக்கிற தூணை நான் வாங்கினால் அது மீட்பு. என்னைப் போல ஆயிரம் பேர் வாங்கத் தயாராக இருக்கிறோம் என்று தெரிந்துவிட்டால், இன்னும் நின்றுகொண்டிருக்கிற தூணுக்கும் ஒரு விலை வந்துவிடுகிறது. முழு வீட்டின் மதிப்பைவிட அதன் துண்டுகளின் கூட்டுத்தொகை அதிகமாகிற நாளில், பழுது பார்க்கலாம் என்று சொல்கிற பங்காளியின் வாதம் தோற்றுப்போகும். அந்த வாக்குவாதம் நடக்கும் அறையில் நான் இல்லை. ஆனால் என் ரசனை அங்கே ஒரு ஓட்டுப் போடுகிறது.

சட்டம் இந்த இடத்துக்கு வருவதில்லை. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம், கட்டடத்திலிருந்து கழற்றப்பட்ட பொருளையும் தொல்பொருள் கணக்கில் சேர்க்கிறது. நூறு வயது தாண்டியிருந்தால் தனியார் யாரும் அதை நாட்டைவிட்டு வெளியே அனுப்பக் கூடாது. அதை விற்கும் தொழிலுக்கு உரிமம் வேண்டும். வயது என்ன, எல்லையைத் தாண்டுகிறதா என்று கேட்பதோடு சட்டத்தின் வேலை முடிகிறது. காரைக்குடியிலிருந்து என் வரவேற்பறைக்கு வருவதைப் பற்றி நான்தான் யோசிக்க வேண்டும்.

*

இப்போது அந்தச் சீட்டுக்குத் திரும்பலாம். ‘ஒவ்வொரு கீறலிலும் ஒரு கதை’ என்கிறார்கள். சரி, எந்தக் கதை?

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு நிரலை எழுதும்போது செய்த நூறு மாற்றங்களை, தவறுகளும் திருத்தங்களுமாக இருக்கும் அந்த முழு வரலாற்றை, கடைசியில் ஒரே வரியாக நசுக்கிவிடுவோம். ‘ஸ்குவாஷ்’ என்று பெயர். பார்க்கச் சுத்தமாக இருக்கும். ஆறு மாதம் கழித்து ஏதாவது உடையும்போதுதான், யார் எதற்காக எதை மாற்றினார்கள் என்று தெரியாமல் முழிப்போம். அலங்காரக் கடையின் சீட்டு அப்படி நசுக்கப்பட்ட வரலாறு. ‘பர்மா தேக்கு’ என்ற இரண்டு சொற்களை விரித்துப் பாருங்கள்.

நகரத்தார் பர்மாவில் செய்த முக்கியமான தொழில் வட்டிக்குக் கொடுப்பது. ஐராவதி டெல்டாவின் நெல் விவசாயத்துக்குப் பெரிய வங்கிகள் கடன் கொடுக்கவில்லை, இவர்கள் கொடுத்தார்கள். மற்ற லேவாதேவிக்காரர்களைவிட இவர்களின் வட்டி குறைவு என்று அன்றைய விசாரணைக் குழுவே பதிவு செய்திருக்கிறது. இவர்களின் பணம் இல்லாமல் அந்த டெல்டா உலகின் நெற்களஞ்சியமாக ஆகியிருக்காது என்று வாதிடும் பொருளியல் வரலாற்றாசிரியர்களும் உண்டு. பிறகு உலகப் பெருமந்தம் வந்தது, நெல் விலை விழுந்தது, கடனைக் கட்ட முடியாத விவசாயிகளின் அடமான நிலங்கள் கடன் கொடுத்தவர்களிடம் வந்து சேர்ந்தன. கீழ் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930-இல் சுமார் 6 சதவீத நிலம் செட்டியார்களிடம் இருந்தது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அது ஏறக்குறைய 25 சதவீதம். 1942-இல் ஜப்பானியப் படை வந்தது. பல லட்சம் இந்தியர்கள் பர்மாவைவிட்டு வெளியேறினார்கள், அவர்களில் பெரும்பகுதி கால்நடையாக. போருக்குப் பிறகு, சுதந்திர பர்மா நிலங்களை நாட்டுடைமையாக்கியது. செட்டிநாட்டு வீடுகள் பூட்டப்படத் தொடங்கியதற்கு அதுவும் ஒரு காரணம்.

இதை ஒரு சமூகத்தின் மீது குற்றப்பத்திரிகையாக நான் எழுதவில்லை. நிலத்தை இழந்த பர்மிய விவசாயியும், எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் காட்டு வழியே நடந்து வந்த கணக்கப்பிள்ளையும் ஒரே கதையில் இருக்கிறார்கள். தூணுக்கு மரம் வாங்கிய பணமும், பின்னால் அந்த விவசாயியின் வயலைக் கொண்டுபோன கடனும் ஒரே தொழிலிலிருந்து வந்தவை. சீட்டில் எழுதுவதானால் இதெல்லாம் வர வேண்டும். எழுதினால் விற்காது. அதனால் ‘பாரம்பரியம்’ என்று எழுதுகிறார்கள். நமக்கும் அது சௌகரியம். யாரும் அழாத, யாரும் யாருக்கும் பாக்கி வைக்காத ஒரு பழங்காலத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிறோம்.

சில சமயம் கதை வேடிக்கையாகவும் இருக்கும். அந்தத் தெருவில் ‘அசல் செட்டிநாடு’ என்று தேடித் தேடி வாங்குகிற எனாமல் பாத்திரங்களைத் திருப்பிப் பார்த்தால், அடியில் ஸ்வீடன் என்றோ செக்கோஸ்லோவாக்கியா என்றோ முத்திரை இருக்கும். தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் அடித்துக் கப்பலில் வந்து, சீர்வரிசையில் இடம்பிடித்த சாமான்கள். 2018-இல் ஹைதராபாத்தில் ஐக்கியா திறந்தபோது ஸ்வீடன் நம் வீட்டுக்குள் நுழைகிறது என்று பேசிக்கொண்டோம். அது காரைக்குடி அடுப்படிக்கு எப்போதோ வந்துவிட்டது. ஆச்சிகள் அதை எடுத்தார்கள், கழுவினார்கள், கவிழ்த்தார்கள், பேத்திக்குக் கொடுத்தார்கள். ‘அசல்’ என்று நாம் சொல்வது அந்தக் கழுவலும் கவிழ்த்தலும்தான். அதைத் தொழிற்சாலையால் செய்ய முடியாது, கடையாலும் முடியாது.

*

பழம்பொருள் என்றதும் தூணும் கதவும் நினைவுக்கு வருகின்றன. எனக்கு அதிகம் உறுத்துவது அம்மியும் ஆட்டுக்கல்லும்.

இன்று ஒரு காபி கடை திறந்தால் வாசலில் ஒரு ஆட்டுக்கல் இருக்கிறது. குழியில் தண்ணீர் ஊற்றிச் செவ்வரளி மிதக்க விட்டிருப்பார்கள். அம்மியின் மேல் மணி பிளான்ட் தொட்டி. அப்படி ஒரு கடைக்கு அம்மாவைக் கூட்டிப்போயிருந்தேன். ஆட்டுக்கல்லையும் அதன் கழுத்தில் தொங்கிய விலையையும் பார்த்துவிட்டு அவள் சொன்னாள்: “இதைப் போய்க் காசு குடுத்து வாங்கறாங்களாடா? கிரைண்டர் வந்த அன்னிக்கு நான் இதைக் காசு குடுத்துல்ல வெளிய தள்ளச் சொன்னேன்.” கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, “கல்லு அழகாத்தான் இருக்கு. அப்ப பாக்க நேரமில்ல” என்றாள்.

அந்தக் கடைசி வாக்கியத்தைப் பல நாள் யோசித்துக்கொண்டிருந்தேன். கல்லின் அழகைப் பார்க்க முடிவது அதில் அரைக்க வேண்டாதவர்களுக்கு. விடியற்காலையில் நான்கு படி அரிசியை ஆட்டி முடித்த தோளுக்கு அது கல் மட்டுமே. கோயம்புத்தூர் கிரைண்டர் வீட்டுக்கு வந்ததை விடுதலையாக நினைத்த பெண்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். அவர்கள் பெருமூச்சு விட்டுத் தள்ளிய பொருளை, அவர்கள் பிள்ளைகளான நாம் பெருமூச்சு விட்டுத் திரும்பக் கொண்டுவருகிறோம். அந்தக் குழி எப்படி அவ்வளவு வழுவழுப்பாக ஆனது என்ற கேள்வியை அரளிப் பூ மூடிவிடுகிறது.

இதற்காக ஆட்டுக்கல்லை யாரும் ரசிக்கக் கூடாது என்றால் அது அபத்தம். அம்மாவே ரசித்தாள். ஆனால் அவள் ரசித்தது, தோள்வலியையும் சேர்த்துத் தெரிந்த ஒருத்தியின் ரசனை. நமக்கு அந்த வலி இல்லை. அதைப் பற்றிய தகவலாவது இருக்க வேண்டும் என்பதே என் பேச்சு.

*

1958-இல் சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் தம்பதி இந்திய அரசுக்காக ஓர் அறிக்கை எழுதினார்கள். அகமதாபாத்தில் 1961-இல் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தொடங்கியதற்கு அதுதான் வித்து. இந்தியாவில் பார்த்தவற்றிலேயே அவர்கள் அதிகம் வியந்தது எந்தக் கோயிலையும் அல்ல, தண்ணீர்ச் செம்பை. ஒருவர் உட்கார்ந்து இப்படி ஒரு செம்பை வடிவமைக்க வேண்டுமென்றால் எதையெல்லாம் யோசிக்க வேண்டும் என்று பட்டியல் போடுகிறார்கள். எவ்வளவு பிடிக்கும், காலியாக இருக்கும்போதும் நிறைந்திருக்கும்போதும் எடை எங்கே நிற்கும், எப்படித் தூக்குவது, ஊற்றும்போது எப்படி விழும், வாங்க என்ன விலை, உடைந்தால் உலோகத்துக்கு என்ன கிடைக்கும், தட்டினால் என்ன சத்தம். இத்தனைக்கும் பதில் சொல்கிற அந்த வடிவத்தை ஒரு தனி ஆள் போடவில்லை. பல தலைமுறைக் கைகள் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்தின.

செம்பின் அழகு அதன் வேலையிலிருந்து வந்தது என்று இதற்கு அர்த்தம். கதவுக்கும் அப்படித்தான். கதவின் அழகில் பாதி அதன் நிலையில் இருக்கிறது. நிலையில் நிற்கும்போது அது யாரையோ உள்ளே விடுகிறது, யாரையோ வெளியே நிறுத்துகிறது, ராத்திரி தாழ் போட்டதும் வீட்டுக்கு ஒரு நிம்மதி கொடுக்கிறது. டீப்பாய் ஆன கதவில் சிற்ப வேலைப்பாடு அப்படியே இருக்கிறது, கதவு இல்லை.

ஆரம்பத்தில் கேட்ட கடனுக்கு எனக்குக் கிடைத்த பதிலின் ஒரு பகுதி இங்கே இருக்கிறது. பழைய பொருளுக்கு நாம் கொடுக்க வேண்டியது ஒரு வேலை. பழைய கதவை வாங்கிய ஒரு நண்பர், தச்சரை வரவழைத்து அதற்கு ஏற்ற மாதிரி நிலை செய்து, தன் வீட்டுப் படுக்கையறையில் மாட்டினார். அந்தக் கதவு குனிந்து போக வேண்டிய உயரம்தான். அவர் வீட்டில் எல்லோரும் குனிந்து போகப் பழகிக்கொண்டார்கள். பொருள் நமக்காக மாறுவதும், நாம் பொருளுக்காகக் கொஞ்சம் மாறுவதும் சேர்ந்து நடக்கிற இடத்தில், வாங்குவது வேறு ஏதோ ஒன்றாக ஆகிறது.

இன்னொரு பகுதி, எது தீரும், எது தீராது என்று பார்ப்பது. பர்மா தேக்குத் தூண் எண்ணிக்கையில் அடங்கியது, ஒன்று இங்கே வந்தால் அங்கே ஒன்று குறையும். அதே வட்டாரத்து ஆத்தங்குடிக் கல் அப்படியில்லை. கண்ணாடித் தகட்டின் மேல் உலோகச் சட்டத்தை வைத்து, நிறம் கலந்த சிமெண்டைக் கையாலேயே ஊற்றி, மேலே உலர்ந்த மணல்–சிமெண்ட் தூவி, அதன் மேல் சாந்து பூசி, பிறகு தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவைக்கிறார்கள். சூளை கிடையாது. கண்ணாடியைப் பிரித்து எடுத்தால் அந்தப் பளபளப்பு தானாகவே கல்லில் வந்துவிடுகிறது. இன்றும் அங்கே ஆட்கள் செய்துகொண்டிருக்கிறார்கள். நம் தலைமுறை வீடு கட்டும்போது அதைக் கேட்டு வாங்குவதால்தான் அந்தப் பட்டறைகள் பலவும் ஓடுகின்றன. ரசனை செய்யக்கூடிய நல்ல காரியம் இது. ஒரே ஊர், ஒரே அழகு, ஆனால் ஒரு கொள்முதல் வீட்டைப் பிரிக்கிறது, இன்னொன்று பட்டறையைத் திறந்து வைக்கிறது. நூறு வருடப் பழமை நமக்குக் கிடைக்காது. அதை நாமே நடந்து நடந்து உண்டாக்க வேண்டும்.

உண்மையில் நமக்குப் பொறுமை இல்லாதது அங்கேதான். மற்றவர்கள் தேய்த்த தேய்மானத்தை விலைக்கு வாங்குகிறோம், நம் வீட்டில் ஏறிக்கொண்டிருக்கும் தேய்மானத்தை மறைக்கிறோம். டிதரோ என்ற பிரெஞ்சுச் சிந்தனையாளர் பதினெட்டாம் நூற்றாண்டில் ஒரு கட்டுரை எழுதினார். புது அங்கி ஒன்று வந்ததும் பழைய மேசையும் நாற்காலியும் அசிங்கமாகத் தெரிய, ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் மாற்றினாராம். நம் காலத்தில் கணக்கு தலைகீழ். ஒரு பழைய தூண் வீட்டுக்குள் வந்ததும், பக்கத்திலிருக்கும் நேற்றைய சாமான்கள் வெட்கப்படத் தொடங்குகின்றன. பிளாஸ்டிக் நாற்காலி பால்கனிக்குப் போகிறது. எவர்சில்வர் டப்பாக்கள் உள் அலமாரிக்குப் போகின்றன. பள்ளிக்கூடக் கோப்பைகளும் தஞ்சாவூர் பொம்மையும் இருந்த ஷோகேஸ் கழற்றப்படுகிறது. கடைசியில், யாரோ ஒரு செட்டியார் வீட்டின் சாயல் நம் வீட்டில் இருக்கிறது, நம் வீட்டின் சாயல் இல்லை.

எங்கள் வீட்டில் இரும்பு பீரோ ஒன்று இருக்கிறது. அப்பா கல்யாணத்துக்கு வாங்கியது. சாம்பல் நிறம், எந்தச் சுவரோடும் ஒட்டாது. கைப்பிடியைச் சற்றுத் தூக்கி, முழங்காலால் கதவை ஒரு இடி இடித்தால்தான் பூட்டும். அந்த இடி விழும் இடத்தில் பெயிண்ட் போய், வட்டமாக இரும்பு தெரிகிறது. ஃபிளாட்டுக்கு ஒத்துவராது, எடைக்குப் போட்டுவிடலாம் என்று அம்மா இரண்டு முறை சொல்லிவிட்டாள். கீலுக்கு எண்ணெய் போட்டிருக்கிறேன். முழங்கால் வழக்கம் மாறவில்லை.